விலையை எழுதுங்க அண்ணே!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தவர்கள், "இளைஞர் சக்தி, நாட்டு முன்னேற்றம்னு ஏதாவது எழுதுப்பா" என்றார்கள். அவற்றையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் இந்த மலரிலேயே இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஒரு சின்ன விஷயம். பழைய பொருளை விற்பதற்காக நாம் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோமே, அந்தச் சீட்டைப் பற்றி!

"இதுக்கெல்லாமா ஒரு கட்டுரை?" என்று சிரிக்காதீர்கள். அந்தச் சீட்டை நாம் ஒழுங்காக எழுதினால், அடுத்த வருஷம் இங்கே சேரப்போகிற ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ ஆயிரம் ரூபாய் வரை மிச்சமாகும். ஆயிரம் ரூபாய் என்பது சில வீடுகளில் ஒரு நாள் செலவு. சில வீடுகளில் ஒரு வாரத்து அரிசி, பருப்பு, எண்ணெய். எங்கள் வீடு இரண்டாவது ரகம். அதனால்தான் எழுதுகிறேன்.

பலகையில் இப்போது என்ன இருக்கிறது? மெஸ் பக்கம் போய்ப் பாருங்கள். "ஃபார் சேல். டிராப்டர், புக்ஸ். குட் கண்டிஷன். பிரைஸ் நெகோஷியபிள். காண்டாக்ட் ரூம் நம்பர் 23." அவ்வளவுதான்! எந்த டிராப்டர்? எந்தப் பாடத்துப் புத்தகம்? எந்தப் பாடத்திட்டம்? என்ன விலை? எத்தனை மணிக்கு வந்தால் ஆள் இருப்பார்? ஒன்றும் இல்லை.

நாமெல்லாம் டெக்னிக்கல் மாணவர்கள். டிராயிங் தாளில் ஒரே ஓர் அளவு விட்டுப்போனால் சார் சிவப்பு மையால் வட்டம் போடுகிறார். ஏன்? லேத்தில் நிற்கிற தொழிலாளி, டிராயிங் போட்டவனைத் தேடி வந்து கேட்கும்படி வைக்கக் கூடாது. தாளைப் பார்த்த மாத்திரத்தில் அவர் வேலையை ஆரம்பிக்க வேண்டும். விற்பனைச் சீட்டும் அப்படித்தான். வாங்க வருகிறவன், "வாங்கலாமா, வேண்டாமா" என்பதைப் பலகைக்கு முன்னால் நின்றபடியே முடிவு செய்ய வேண்டும். அளவில்லாத டிராயிங்கை ஒத்துக்கொள்ளாத நாம், விலையில்லாத சீட்டை மட்டும் எப்படி ஒட்டுகிறோம்?

யாருக்காக எழுதுகிறோம்?

சீட்டு எழுதுவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். விற்கிறவர் பெரும்பாலும் தன் நண்பர்களை மனதில் வைத்து எழுதுகிறார். நண்பர்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே! ரூம் 23 யாருடையது, அவர் எவ்வளவு கேட்பார், எப்போது தூங்குவார், எல்லாம் தெரியும். அவர்களுக்குச் சீட்டே தேவையில்லை.

சீட்டு தேவைப்படுவது யாரையும் தெரியாதவனுக்கு. இந்தக் கல்லூரியில் ஏற்கெனவே படித்த அண்ணன் இருப்பவன், புத்தகத்தை வீட்டிலிருந்தே எடுத்து வருகிறான். சொந்த ஊர்க்காரர் சீனியராக இருப்பவன், அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறான். வீட்டிலேயே முதல் ஆளாகப் படிக்க வருகிறவனுக்கு எந்த அண்ணன் இருக்கிறார்? அவனுக்குப் பலகைதான் அண்ணன்.

"இந்தக் காலத்தில் பலகை எதற்கு? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாச்சு" என்று சிலர் சொல்லலாம். ஸ்டேட்டஸ் ஒரே நாளில் மறைந்துவிடும். அதுவும் உங்கள் நம்பரை வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். சேர்ந்து நாலு நாள் ஆன பையனிடம் உங்கள் நம்பர் எப்படி இருக்கும்?

என் அனுபவத்தையே சொல்கிறேன். நான் சேர்ந்த முதல் வாரத்தில் மினி டிராப்டர், கால்குலேட்டர், ஒர்க்‌ஷாப் யூனிபார்ம், ஷூ என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அப்பாவுக்கு லோடு ஏற்றுகிற வேலை. அம்மா சித்தாள். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். பலகையில் இரண்டாம் ஆண்டு அண்ணன் ஒருவரின் சீட்டு இருந்தது. நாலு தடவை படித்தேன். விலை இல்லை. கையில் இருந்தது இருநூறு ரூபாய். ரூமுக்குப் போய் அவர் நானூறு என்று சொல்லி, நான் இருநூறுதான் இருக்கிறது என்று சொல்லி, நாலு பேர் பார்க்க வெறுங்கையோடு திரும்பி வருவதா? போகவில்லை. அம்மா மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கித் தந்தார்கள். டவுனில் 480 ரூபாய்க்குப் புது டிராப்டர் வாங்கினேன்.

டிசம்பர் வரை அந்த அண்ணனின் சீட்டு அப்படியே இருந்தது. பின்னால் பழக்கமானபோது கேட்டேன். "நூத்தம்பது கொடுத்திருந்தா கொடுத்திருப்பேனே தம்பி!" என்றார். பாருங்கள், எனக்கு 330 ரூபாய் போயிற்று. அவருக்கு 150 ரூபாய் வரவில்லை. விலை என்ற ஒரு எண்ணை எழுதாததால் இரண்டு பேருக்குமே நஷ்டம்.

விலையை எழுதுங்கள்

ஆகவே என் முதல் கோரிக்கை: விலையை எண்ணில் எழுதுங்கள். "பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்பது பேசத் தெரிந்தவனுக்குச் சாதகம். கூச்சப்படுகிறவனுக்கும், கையில் காசு குறைவாக இருப்பவனுக்கும் அது பூட்டிய கதவு. இருநூறு என்று எழுதியிருந்தால் இருநூறு வைத்திருப்பவன் தைரியமாக வருவான். நூற்றைம்பது வைத்திருப்பவன்கூட, "ஐம்பதை அடுத்த வாரம் தரட்டுமா அண்ணே?" என்று கேட்க வருவான். எண் ஒன்று இருந்தால்தான் பேச்சையே ஆரம்பிக்க முடியும்.

எவ்வளவு விலை வைக்கலாம்? என் யோசனை இது. பழுதில்லாத கருவி என்றால், இன்றைய புது விலையில் பாதி. தேய்ந்தது, பெட்டி இல்லாதது என்றால் மூன்றில் ஒரு பங்கு. புத்தகமும் மூன்றில் ஒரு பங்கு. "நான் 600 கொடுத்து வாங்கினேனே!" என்று பழைய பில்லைக் காட்டாதீர்கள். நீங்கள் கொடுத்த விலையை அவன் வாங்கவில்லை, பொருளைத்தான் வாங்குகிறான்.

"இந்த நூறு ரூபாய்க்கா இவ்வளவு பாடு? பழைய பேப்பர் கடையில் போட்டால் உடனே காசு!" என்று சிலர் நினைக்கலாம். கணக்குப் போடுவோம். ஒரு பாடப் புத்தகம் அரைக் கிலோ இருக்கும். கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் என்றால் உங்களுக்குக் கிடைப்பது ஆறு ரூபாய். கேன்டீனில் ஒரு டீக்குக்கூடப் பத்தாது. அதே புத்தகத்தை ஒரு ஜூனியர் அறுபது ரூபாய்க்கு வாங்கினால் அவனுக்கும் லாபம், உங்களுக்கும் பத்து மடங்கு.

பழைய புத்தகத்தில் படிப்பது கௌரவக் குறைச்சல் என்று யாராவது நினைத்தால், சென்னை மூர் மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 1985-இல் தீயில் அழியும் வரை அங்கே பழைய புத்தகம் தேடி எத்தனை மாணவர்கள் அலைந்திருப்பார்கள்! திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளும் அப்படிப் பேர் பெற்றவைதான். பழைய புத்தகத்தில் படித்து முன்னுக்கு வந்தவர்கள் நம் நாட்டில் ஏராளம்.

குறையையும் எழுதுங்கள்

இரண்டாவது கோரிக்கையைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். பொருளில் என்ன குறை இருக்கிறதோ, அதையும் சீட்டிலேயே எழுதுங்கள். "குறையைச் சொன்னால் எவன் வாங்குவான்?" என்பீர்கள். குறையைச் சொன்னால்தான் வாங்குவான் என்பது என் கட்சி.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் அவருக்கும் வேறு இரண்டு பேருக்கும் சேர்த்துப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னதை நம் டிராப்டருக்குப் பொருத்திப் பார்ப்போம்.

பத்து டிராப்டர் நல்லது, ஒன்று 300 ரூபாய் பெறும். பத்து டிராப்டர் ஆட்டம் கண்டது, ஒன்று 100 ரூபாய் பெறும். எல்லாச் சீட்டிலும் "குட் கண்டிஷன்" என்றே எழுதியிருக்கிறது. எது நல்லது, எது கெட்டது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. அவன் நடுவாக 200 ரூபாய்க்கு மேல் தரமாட்டான். நல்ல டிராப்டர் வைத்திருப்பவர், "முந்நூறு பெறுமானதை இருநூறுக்கா?" என்று பரண்மேல் போட்டுவிடுவார். சந்தையில் மிஞ்சுவது ஆட்டம் கண்டது மட்டும். வாங்கியவர்கள் ஏமாந்து, "சீனியர்கிட்ட எதுவும் வாங்காதே, எல்லாம் ஓட்டை" என்று பேர் பரவிவிடும். முடிவில் நல்ல பொருளும் விற்காது, தேவைப்பட்டவனுக்கும் கிடைக்காது. "குட் கண்டிஷன்" என்ற இரண்டு சொல் செய்கிற வேலை இது!

இதற்கு மருந்து, சோதித்துப் பார்க்கக்கூடிய உண்மையை எழுதுவது. "சூப்பர்", "அரிய வாய்ப்பு" என்பதை யாரும் சோதிக்க முடியாது. "போர்டின் இடது ஓரத்தில் ஒரு கோடு, வலது ஓரத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள், இணையாக வரும்" என்பதைச் சோதிக்கலாம். கால்குலேட்டர் என்றால், "எல்லா இடத்திலும் 8 அழுத்திப் பார்க்கலாம், ஒரு கோடும் விடுபடாது" என்று எழுதலாம். "ஸ்கேலில் கீறல் உண்டு" என்று நீங்களே சொல்லிவிட்டால், "இவர் மீதியையும் உண்மையாத்தான் சொல்லியிருப்பார்" என்று படிப்பவனுக்கு நம்பிக்கை வருகிறது.

சட்டமும் இதைத் தொடுகிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, பொருளை ஆராய்ந்து வாங்குவது பொதுவாக வாங்குபவர் பொறுப்பு. ஆனால் வர்ணனை சொல்லி விற்றால், பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்தியே ஆக வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அறுபது ரூபாய்ப் புத்தகத்துக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை. இருந்தாலும் எழுதிய சொல்லுக்கு ஒரு பொறுப்பு உண்டு.

புத்தகம் விற்பவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. எந்தப் பாடத்திட்டம் என்று எழுதுங்கள். எங்களுக்கு முந்தைய பேட்ச் என் ஸ்கீம். நாங்கள் 2023 ரெகுலேஷன். பாடத்தின் பேர் ஒன்றாக இருந்தாலும் யூனிட்டுகள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. அது தெரியாமல் வாங்கிய புது மாணவன் பரீட்சைக்கு முதல் நாள்தான் கண்டுபிடிப்பான்.

இடமும் நேரமும்

"ரூம் 23-க்கு வரவும்" என்றால் யார் வர முடியும்? டேஸ்காலர் ஹாஸ்டலுக்குள் வர முடியாது. மாணவிகள் வரவே முடியாது. ஆகவே எல்லோரும் வரக்கூடிய இடத்தை எழுதுங்கள்: நூலக வராந்தா, கேன்டீன் வாசல், சைக்கிள் ஸ்டாண்டு. நேரத்தையும் எழுதுங்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு மதிய இடைவேளைதான் வசதி. மாணவிகள் தங்கள் போன் நம்பரைப் பொதுப் பலகையில் எழுத வேண்டியதில்லை. "சங்க அறையில் கேட்கவும்" என்று எழுதினால் போதும்.

தமிழில் எழுதுங்கள். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வருகிற தம்பிக்கு "நெகோஷியபிள்" என்றால் ஏதோ பெரிய சமாச்சாரம் என்று தோன்றும். தலைப்பைப் பெரிதாக எழுதுங்கள். பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து என்று பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கூட்டத்துக்குப் பின்னால் நின்று ஐந்தடியில் படிக்க அரை அங்குலம் போதும். விற்றுவிட்டால் சீட்டைக் கிழித்துவிடுங்கள். விற்றுப்போன பொருளுக்கு நாலு பேர் அலைந்தால், ஐந்தாவது ஆள் பலகையையே பார்க்கமாட்டான்.

ஒரு மாதிரிச் சீட்டு இதோ:

முதலாண்டு மாணவர்களுக்கு
மினி டிராப்டர் - ரூ. 180
வாங்கியது 2023 ஜூலை. ஆட்டம் இல்லை. கோடு போட்டுப் பார்த்து வாங்கலாம். குறை: ஸ்கேலில் ஒரு கீறல், அளவு தெரியும். பெட்டி இல்லை.
இடம்: நூலக வராந்தா. திங்கள் முதல் வெள்ளி வரை, மதியம் 1 முதல் 1.30 வரை.
மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்.

எழுத ஐந்து நிமிடம் ஆகுமா? அதற்குள் எல்லாக் கேள்விக்கும் பதில் வந்துவிட்டது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஆனாலும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. எவ்வளவு நல்ல சீட்டானாலும் அதைத் தீர்க்க முடியாது. நாம் தேர்வு முடித்துப் போவது ஏப்ரல், மே. புது மாணவர்கள் வருவது அதற்குப் பிறகு. விற்கிறவர் இருக்கும்போது வாங்குகிறவர் இல்லை. வாங்குகிறவர் வரும்போது விற்கிறவர் ஊருக்குப் போய் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். அந்த இரண்டு மாத இடைவெளியில்தான் நம் பொருளெல்லாம் எடைக்குப் போகிறது.

அமெரிக்காவில் கராஜ் சேல் என்று ஒன்று உண்டு. வீட்டில் மிஞ்சிய பொருள்களைக் கார் கொட்டகையிலோ முற்றத்திலோ பரப்பி, ஒவ்வொன்றிலும் விலைச் சீட்டு ஒட்டி, சனி, ஞாயிறில் விற்பார்கள். தெருமுனையில் பலகை வைப்பார்கள். காரில் போகிறவர் கண்ணில் படும்படி நாள், நேரம், இடம், ஒரு அம்புக்குறி, அவ்வளவுதான் அதில் இருக்கும். பெரிய இன்டர்ஸ்டேட் சாலைகளில் போகிற பயணிகளைத் தங்கள் பக்கம் இழுப்பதற்காக, 1987-இல் 127-ஆம் எண் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கூட்டு விற்பனையை ஆரம்பித்தார்கள். இன்று அது ஆறு மாநிலங்களைத் தொட்டு ஏறத்தாழ 690 மைல் நீளத்துக்கு ஒவ்வோர் ஆகஸ்டிலும் நடக்கிறது.

நமக்கு 690 மைல் வேண்டாம். சங்க அறையில் ஒரு பீரோ போதும்! ஏப்ரலில் போகிறவர்கள் பொருளைக் கொடுத்து, விலையும் குறையும் எழுதிய சீட்டைக் கட்டிவிட்டுப் போகட்டும். சங்கம் ஒரு நோட்டில் பதிந்துகொள்ளட்டும். முதலாண்டு வகுப்பு தொடங்குகிற வாரத்தில் ஒரு நாள் விற்பனை. வந்த பணத்தைக் கொடுத்தவருக்கு ஜிபே-யில் அனுப்பிவிடலாம். புது மாணவர்களுக்குக் கொடுக்கிற பொருள் பட்டியலின் அடியில், "பழைய பொருள் விற்பனை, இன்ன நாள், இன்ன இடம்" என்று ஒரு வரி சேர்க்கும்படி துறைத் தலைவர்களைக் கேட்டுக்கொள்ளலாம். விற்பனை நாள் தெரிவதற்கு முன் யாரும் டவுன் கடைக்கு ஓடாமல் இருக்க அந்த ஒரு வரி போதும்.

"சும்மாவே கொடுத்துவிடலாமே" என்று நல்ல மனதோடு சிலர் கேட்கிறார்கள். கொடுக்க முடிந்தவர்கள் தாராளமாகக் கொடுங்கள், விலைக்குப் பதில் "இலவசம்" என்று எழுதிப் பீரோவில் வையுங்கள். ஆனால் கையில் கொடுத்துவிட்டுப் போகும்போது நம் ரூம்காரன், நம் ஊர்க்காரன், நம்ம ஆள் என்றுதான் கை நீள்கிறது. முகம் தெரியாதவனுக்குப் போவதில்லை. அதோடு, விலை கொடுத்து வாங்கியவன் யாருக்கும் கடமைப்பட்டவன் இல்லை. தலைநிமிர்ந்து வகுப்புக்குப் போவான். நூற்றெண்பது ரூபாயில் கிடைக்கிற அந்த நிமிர்வு சாதாரணமானதில்லை, தோழர்களே!

இந்த ஏப்ரலில் நானும் போகிறேன். என் டிராப்டர், கால்குலேட்டர், ஏழு புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். சங்கம் பீரோவைத் திறந்தால் முதல் ஆளாகக் கொண்டுவந்து வைக்கிறேன். நீங்களும் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், குறையோடு எழுதுங்கள். முக்கியமாக, விலையை எழுதுங்கள்!